பகல் விளக்கு

ஞாயிறு எறிக்கும் பட்டப்பகலில் விளக்கேற்றுவானைக் கண்டு உலகம் நகும். அங்ஙனமாயின், ஒளிக்கெல்லாம் ஒளியாய இறைவன் திருமுன் விளக்கேற்றுவானை யாது கூறுவது? உரோமப் பேரரசின்கண் கிறிஸ்து சமயத்தார் நடுவே இவ்வினா நெடிது ஆராயப்பட்டது.

அக்கால விளக்குகள் உள்ளங்கையுள் அடங்கும் மண் அகல்கள். மேலும் கீழுமாக இரண்டு அச்சுக்களிற் களிமண்ணை அமுக்கி ஒட்டிச் சூளையிற் சுடுவர். நடுவில் எண்ணெய் வார்க்க ஒரு துளையும், மூக்கில் திரிக்கு ஒரு துளையும் உண்டு. கி. பி. 3-ஆம் நூற்றாண்டில் அன்னியஸ் செராபியோதோரஸ் என்பாரது பட்டறை, ஆட்டைத் தோளிற் சுமந்த நல்லாயன் உருவைப் பொறித்தும் அகல் செய்தது. பழைய தெய்வங்களின் உருவைப் பொறித்தும் செய்தது. மண்ணும் எண்ணெயும் சமயவேறுபாடு அறியா போலும்!

4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலக்தாந்தியஸ் என்னும் ஆசிரியர், ஞாயிற்றைப் படைத்தவனுக்கு விளக்கொளியைக் காணிக்கையாக்குவோர் அறிவுடையரோ எனப் பழஞ்சமயத்தாரை இகழ்ந்தெழுதினார். 392-இல் தியோதோசியஸ் பேரரசர் இல்லுறை தெய்வங்கட்கு விளக்கேற்றுதலையும் சட்டத்தால் விலக்கினார். ஆயினும், சமயத்தின்பொருட்டு உயிர்நீத்தார் கல்லறைகளிற் கிறிஸ்தவரே விளக்கேற்றுதல் வழக்கமாயிற்று. காலியா நாட்டு விகிலாந்தியஸ் என்னும் குரு, இது பழஞ்சமய வழக்கேயன்றோ எனக் கடிந்தார். 406-இல் ஜெரோம் முனிவர் அவர்க்கு மறுப்பெழுதினார்.

அம்மறுப்பு ஊன்றி நோக்கற்பாலது. கீழைநாட்டுச் சபைகளில் நற்செய்தி ஓதுங்கால் வெயில் எறிக்கவும் விளக்கேற்றுவது இருளோட்டுதற்கன்று, மகிழ்ச்சியைப் புலப்படுத்தற்கே என்றார். கிறிஸ்துவுக்கு நறுந்தைலம் வேண்டுவதன்று. எனினும் ஒரு பெண் அதனைச் சொரிந்தபோது அவளன்பு ஏற்கப்பட்டது என்றுங் காட்டினார். இறைவன் குறைவிலா நிறைவினன் ஆகலின், விளக்கு அவன்பொருட்டன்று, ஏற்றுவான்பொருட்டே என்பது இதனாற் பெறப்படும். சைவருக்கும் இஃது உடன்பாடே. இலக்தாந்தியஸ் இறைவனது நிறைவை உணர்ந்தார். அன்பரது நெஞ்சத்தை உணர்ந்திலர்.

அற்றேல், ஓர் ஐயம் எழும். இடுவாரது அன்பே விளக்கிற்குத் தகுதி தருமாயின், 392-இற் சட்டம் அவித்த இல்லத்து அகலின் முன்னும் ஒரு மனைக்கிழத்தி அவ்வன்போடே நின்றிருத்தல் கூடுமன்றோ? ஜெரோம் இதனை எண்ணாதிருந்தாரல்லர். சிலைகட்குச் செய்யப்பட்டமையின் அது வெறுக்கத்தக்கது, உயிர்நீத்தார்க்குச் செய்யப்படுதலின் இது கொள்ளத்தக்கது என்று முடித்தார். ஈண்டு அவர் இடுவாரை விட்டு ஏற்பாரைப் பற்றினார். தைலஞ் சொரிந்த பெண்ணை அன்பு என்னுங் கோலால் அளந்தவர், அம்மனைக்கிழத்தியை அளக்கப் புகுங்கால் அக்கோலை எடுத்திலர்.