வீட்டில் ஒரு டேப், ஆறு பேர்: முறை யாருடைய ஹக்கு?

 

 

இன்று பேசப்போகும் விஷயம், ஜும்ஆ மேடையில் பேச இதுவா கிடைத்தது என்று சிலருக்குத் தோன்றலாம். வீட்டில் இருக்கும் ஒரு டேப்லெட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். (பெரியவர்கள் மாத்திரை என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளைகள் டேப் என்று சொல்கிறார்களே, அது.) ஒரு வீட்டில் ஒரு டேப், அதற்கு ஆறு பேர். இதில் என்ன மார்க்கம் இருக்கிறது என்று கேட்டால், ஹக்கு இருக்கிறது, ளுல்மு இருக்கிறது, அமானத் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

சில வாரங்களுக்கு முன் மக்தபில் ஒரு பிள்ளையிடம் பாடம் கேட்டேன். பன்னிரண்டு வயது இருக்கும். ஓதலை ஒலிப்பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருந்தோம், அதைக் கேட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தோம். மூன்று நாளாக அந்தப் பிள்ளை கேட்கவில்லை. ஏன்மா என்றேன். அழவில்லை, சாக்குச் சொல்லவில்லை, கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னது: "அண்ணன் முடிச்சு, அம்மா முடிச்சு, அத்தா சவூதியிலேர்ந்து பேசி முடிச்சு, என் கைக்கு வரும்போது சார்ஜ் ரெண்டு பர்சன்ட் இருக்கும் ஹழ்ரத்."

திட்ட நினைத்தவன் வாயடைத்து நின்றேன். அந்தப் பிள்ளைக்கு முறை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. முறை இருந்தது. ஆனால் மற்றவர்கள் அள்ளிக்கொண்டது போக மிஞ்சியதுதான் அதன் முறை.

சகோதரர்களே! ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு ரமளான் மாதம், பத்ருக்குப் புறப்பட்ட பயணத்தை நினைத்துப் பாருங்கள். முந்நூற்றுச் சொச்சம் ஸஹாபாக்கள். அவர்களிடம் இருந்த ஒட்டகங்கள் சுமார் 70. மதீனாவிலிருந்து பத்ரு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம், பாலைவனம். ஆளுக்கு ஒரு ஒட்டகத்துக்கு வழியில்லை. ஆகவே மூன்று பேருக்கு ஒன்று, நான்கு பேருக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டு, மாறி மாறி ஏறினார்கள். ஒருவர் ஏறினால் மற்றவர்கள் நடப்பார்கள்.

அந்தப் படையின் தலைவர் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள். அவர்களுக்குத் தனி ஒட்டகம் ஒதுக்குவதை யாராவது குறை சொல்லியிருப்பார்களா? ஆனால் அவர்களுடைய ஒட்டகத்திலும் மூன்று பேர்தான். நபி (ஸல்), அலீ (ரலி), அபூலுபாபா (ரலி). நாயகம் (ஸல்) அவர்கள் நடக்க வேண்டிய முறை வந்தபோது, தாங்கள் ஏறிக்கொள்ளுங்கள், தங்களுக்காக நாங்கள் நடக்கிறோம் என்று இருவரும் வேண்டிக்கொண்டார்கள். அதற்கு நாயகம் (ஸல்) அவர்கள், நடப்பதில் நீங்கள் என்னைவிட வலிமையானவர்கள் அல்லர், நன்மை தேவைப்படுவதில் நான் உங்களைவிடக் குறைந்தவனும் அல்லன் என்ற கருத்தில் பதில் சொல்லிவிட்டு நடந்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் அறிவிப்பு இது, முஸ்னது அஹ்மதில் பதிவாகியிருக்கிறது.

இந்த இடத்தில் வேகமாகக் கடந்துவிடாதீர்கள். அந்த இருவரும் மனமாரக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டால் குற்றமில்லை. இருந்தும் தலைவர் தம் முறைக்கு நடந்தார்கள். நம் வீட்டிலோ யாரும் மனமாரக் கொடுப்பதுகூடக் கிடையாது, பெரியவர் வந்து கையை நீட்டுவார், சிறியவர் கொடுத்துவிட வேண்டும். மறுத்தால் அதபு இல்லாத பிள்ளை என்று பெயர்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், மேடையில் நிற்பவன் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நேற்று இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை என் மகளுடைய முறை. எட்டு இருபதுக்குப் போய், "அத்தாவுக்கு பயான் குறிப்பு எடுக்கணும்மா" என்று கையை நீட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டது. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிராமலே கேட்டார்: "பத்ரு ஒட்டகத்தைப் பத்தித்தானே பேசப் போறீங்க?"

திருப்பிக் கொடுத்துவிட்டேன். குறிப்பு பழைய நோட்டில் இருந்து எடுத்ததுதான்.

சரி, முறை வைத்துப் பயன்படுத்துவதற்கு மார்க்கத்தில் அடிப்படை உண்டா? உண்டு, அதற்குத் தனிப் பெயரே உண்டு. ஃபிக்ஹு நூல்களில் பங்கீட்டைப் பற்றிய பாடத்தில் முஹாயஆ என்று ஒரு பகுதி வரும். ஒரு பொருளை வெட்டிப் பிரிக்க முடியாது. ஒரு வீடு, ஒரு வாகனம் போல. அப்போது பொருளைப் பிரிக்காமல் அதன் பயனை நேரத்தால் பிரித்துக்கொள்வது. இந்த மாதம் நீ குடியிரு, அடுத்த மாதம் நான் குடியிருக்கிறேன் என்பது போல. இதற்கு ஹனஃபி மத்ஹபு அறிஞர்கள் எதை ஆதாரமாக எடுக்கிறார்கள் தெரியுமா? ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்தை. ஸூரா ஷுஅராவின் 155-ஆவது வசனம். தண்ணீர் குடிக்க ஒட்டகத்துக்கு ஒரு முறை, மக்களுக்குக் குறிப்பிட்ட நாளில் ஒரு முறை என்று அல்லாஹ் வகுத்துக்கொடுத்தான்.

ஸமூது கூட்டத்தாரின் முடிவு உங்களுக்குத் தெரியும். மலையைக் குடைந்து வீடு கட்டிய பலசாலிகள். அவர்களுடைய கிணறு, அவர்களுடைய ஊர். எதிர்த்துப் பேச வாயில்லாத ஒரு பிராணிக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய ஒரு நாளை அவர்களால் தாங்க முடியவில்லை, அதை அறுத்துப்போட்டார்கள். அவர்களுடைய குற்றம் அல்லாஹ்வின் அத்தாட்சியைப் பொய்யாக்கியது, அதை நம் வீட்டுச் சண்டையோடு சமமாக வைக்க நான் வரவில்லை. ஆனால் வாயில்லாத ஒன்றின் முறையையும் அல்லாஹ் கணக்கில் வைத்தான் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். வீட்டில் வாயில்லாதவர் யார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் கடைசிப் பெண் பிள்ளை. சில வீடுகளில் பெத்தம்மா. வெள்ளிக்கிழமை ஸூரத்துல் கஹ்ஃபை யாராவது போட்டுவிட்டால் கேட்பார், போடாவிட்டால் பேசாமல் தஸ்பீஹை எடுத்துக்கொள்வார்.

சிறியவரின் முறையைப் பற்றி புகாரியில் ஒரு சம்பவம் வருகிறது, ஸஹ்லு பின் ஸஅது (ரலி) அறிவிக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களுக்குக் குடிக்க ஒரு பானம் கொண்டுவரப்பட்டது. வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் பெரியவர்கள். குடித்த பின் வலப்பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பதுதான் முறை. நாயகம் (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவரிடம், இவர்களுக்குக் கொடுக்க எனக்கு அனுமதி தருகிறாயா என்று கேட்டார்கள். அந்தச் சிறுவர், தங்களிடமிருந்து எனக்குக் கிடைக்கும் பங்கை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாத்திரம் அவர் கையில் வைக்கப்பட்டது.

கேட்டார்கள், பாருங்கள். மறுக்கவும் இடம் கொடுத்தார்கள். மறுத்த பிறகு, பெரியவங்க முன்னாடி இப்படியா பேசுவது என்று ஒரு வார்த்தை இல்லை. முறை அதன் சொந்தக்காரருடையது, அவர் விட்டுக்கொடுத்தால் விட்டுக்கொடுத்ததுதான். அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் தமக்குரிய நாளை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அது கொடை. கையிலிருந்து பிடுங்கிவிட்டு, பிறகு "அவ ஒன்னும் சொல்லல" என்பது கொடை ஆகாது.

இன்னொன்று, எல்லோரும் செய்வது. பிள்ளை டேப் கேட்கிறது. நாம் சார்ஜ் இல்லை என்கிறோம். நெட் தீர்ந்துவிட்டது என்கிறோம். நாளைக்குத் தருகிறேன் என்கிறோம், நாளை தருவதில்லை. அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) சிறுவராக இருந்தபோது அவருடைய தாய், இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அழைத்தார். அவர்கள் வீட்டில் அமர்ந்திருந்த நாயகம் (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தாய் என்று விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். அபூதாவூதில் வருகிறது. டேப் கொடுக்க விருப்பமில்லையா, இப்போது வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள். அதிக நேரம் பார்த்தால் கண் கெடும் என்று சொல்லுங்கள். அது பெற்றோரின் உரிமை, பொறுப்பும்கூட. எழுபது பர்சன்ட் சார்ஜை அடைக்கலமாக மடியில் வைத்துக்கொண்டு சார்ஜ் இல்லை என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பச்சைக் கோடு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அப்படியானால் ஆறு பேருக்கும் சமமாகக் கடிகாரம் வைத்துப் பிரிக்க வேண்டுமா? இங்கேதான் குழப்பம் வருகிறது. நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய தந்தை ஓர் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு, நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோலக் கொடுத்தாயா என்ற கேள்விக்கு இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சி பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி சொல்லி, சாட்சி சொல்ல மறுத்துவிட்டார்கள். ஆகவே ஒரு பிள்ளைக்கு மட்டும் வாங்கிக்கொடுத்து, அது அவனுடையது, யாரும் தொடக்கூடாது என்று சொல்வது ஆபத்தான காரியம். ஆனால் தேவையைப் பார்த்துக் கூடக் குறையச் செய்யலாம் என்பதையும் அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். நோய், பெரிய குடும்பம், கல்வியில் ஈடுபட்டிருப்பது போன்ற காரணங்களை இமாம் இப்னு குதாமா அவர்கள் அல்முக்னியில் எடுத்துச் சொல்கிறார்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்கு இரண்டு மணி நேரம், ஆறாம் வகுப்புப் பையனுக்கு அரை மணி நேரம் என்றால் அது அநீதி இல்லை. அந்த இரண்டு மணி நேரமும் மகன் என்பதால் கிடைத்து, தேர்வு எழுதும் மகளுக்குக் கிடைக்காமல் போனால்? 2020-இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது ஒரே ஒரு போன் இருந்த வீடுகளில் அது யார் கையில் இருந்தது என்பதை அவரவர் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அத்தாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அநேகமாக அந்த டேப்பை வாங்கி அனுப்பியவரே அவர்தான். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே வேலை முடித்து, குளித்து, சோறு வடித்து, எட்டு மணிக்கு அழைக்கிறார் என்றால் இங்கே இரவு பத்தரை. கேமில் பாதியில் இருக்கும் மகன் அழைப்பைத் துண்டிக்கிறான். அங்கே அறையில் நான்கு பேருக்கு நடுவே கட்டிலில் உட்கார்ந்திருப்பவருக்கு வீட்டில் யாரோ தூங்கியிருப்பார்கள் என்று நினைப்பு. அவருக்கும் அந்தப் பொருளில் ஒரு முறை உண்டு, சகோதரர்களே. பணம் கொடுத்தவர் என்பதற்காக அல்ல, அந்த வீட்டு ஆள் என்பதற்காக.

முறை முடிந்து கைமாறும் நேரத்திலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. பத்ரு பாதையில் ஒருவர் தம் முறையில் ஒட்டகத்தை விரட்டு விரட்டென்று விரட்டி, மூச்சு வாங்க நிற்கும் நிலையில் அடுத்தவரிடம் கயிற்றைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? சார்ஜைக் காலி செய்துவிட்டு, டேட்டாவைத் தீர்த்துவிட்டு, உன் முறை வந்தாச்சு என்று நீட்டுவதும் அதுதான். பயன்படுத்தும்போதே சார்ஜில் போடுங்கள், அல்லது கைமாற்றும் முன் போடுங்கள்.

அந்தரங்கம் பற்றியும் சொல்ல வேண்டும். ஸூரா நூரின் 58-ஆவது வசனத்தில், ஃபஜ்ருக்கு முன்பும், பகலில் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும் நேரத்திலும், இஷாவுக்குப் பின்பும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி கேட்டு உள்ளே வரவேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். ஒரே கூரைக்குக் கீழேயும் கதவு உண்டு. டேப் எல்லோருக்கும் பொது என்பதற்காக அம்மாவின் வாட்ஸ்அப்பும், அக்காவின் புகைப்படங்களும் பொதுவாகிவிடாது. ஒருவர் திறந்து வைத்துவிட்டுப் போன செய்தியைப் படிப்பது துருவித் துருவி ஆராய்வதுதான். பல ஆண்ட்ராய்டு டேப்களில் அமைப்புகளுக்குள் போய் ஆளுக்கொரு பயனர் கணக்கு வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது, விருந்தினருக்குத் தனியாகவும் வைக்கலாம். வீட்டுக்கு வரும் உறவுக்காரப் பையன் கையில் கொடுக்கும்போது அதில் பர்தா இல்லாத குடும்பப் படங்கள் இருக்கின்றன என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். அதற்கு முன்பே செய்துவையுங்கள். சின்னப் பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்று பெற்றோர் கவனிப்பது இதில் சேராது, அது மேய்ப்பரின் கடமை.

இன்று மஃரிபுக்குப் பின் ஒரு தாளை எடுங்கள். வீட்டில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள், பெத்தம்மாவின் பெயரையும் சேர்த்து. தேவையைக் கேட்டு நேரத்தைப் பிரியுங்கள். யார் முதலில் என்று சண்டை வந்தால் சீட்டுக் குலுக்குங்கள். பயணத்தில் எந்த மனைவியை அழைத்துச் செல்வது என்பதற்கு நாயகம் (ஸல்) அவர்களே சீட்டுப் போட்டிருக்கிறார்கள். தொழுகை நேரம் யாருடைய முறையும் இல்லை என்று நடுவில் எழுதிவிடுங்கள். தாளைச் சுவரில் ஒட்டிய பிறகு, அதை முதலில் மீறப்போவது பெரும்பாலும் நாம்தான். அப்போது பிள்ளை சுவரைக் காட்டினால் கோபப்படாமல் கையிலிருப்பதைக் கொடுத்துவிடுங்கள்.

அந்த மக்தப் பிள்ளையின் தாயாரிடம் என் மனைவி பேசினார். இப்போது மாலை ஆறரைக்கு அந்தப் பிள்ளையின் முறை. போன செவ்வாய்க்கிழமை ஸூரத்துல் முல்கில் பத்து ஆயத் ஒப்பித்தது.

யா அல்லாஹ்! எங்கள் வீட்டில் சிறியவர்களின் ஹக்கை நாங்கள் எடுத்திருந்தால் மன்னித்து, இங்கேயே திருப்பிக் கொடுக்க எங்களுக்கு தவ்ஃபீக் செய்வாயாக. கடல் கடந்து உழைக்கும் எங்கள் சகோதரர்களை அவர்கள் குடும்பத்தோடு நலமாகச் சேர்த்து வைப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.