கடைக்காரர் லூயி மார்ட்டின்



சிறுமலர் தெரேசாவின் படம் இல்லாத வீடு நம் பங்கில் குறைவு. ஆனால் அவரைப் பெற்று வளர்த்த தந்தையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. சூலை 12, புனித லூயி மார்ட்டின், புனித செலி தம்பதியரின் நினைவு நாள். கைத்தொழில் செய்து குடும்பம் காப்பவர்கள் நிறைந்த இந்தப் பங்கில், இன்று லூயியைப் பற்றிச் சிந்திப்போம்.

இவர் 1823ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் போர்தோ நகரில், ஒரு படைவீரரின் மகனாகப் பிறந்தார். கடிகாரத் தொழிலைக் கற்றார். துறவியாக வேண்டும் என்ற ஆசையோடு ஆல்ப்ஸ் மலையில் இருந்த மடத்தின் கதவைத் தட்டினார். இலத்தீன் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் மனம் கசந்துவிடாமல் தொழிலுக்குத் திரும்பினார். 1850இல் அலான்சோன் நகரில் கடை வைத்தார்.

அந்த வேலை எப்படிப்பட்டது தெரியுமா? கண்ணில் உருப்பெருக்குக் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, மயிரிழை போன்ற சுருள்வில்லை மூச்சுவிடாமல் எடுத்து அதன் இடத்தில் வைக்க வேண்டும். உள்ளே ஒரு தூசி விழுந்தாலும் கடிகாரம் நின்றுவிடும். பார்ப்பவருக்குத் தெரியாத இடத்திலும் நேர்மை வேண்டிய தொழில் அது. லூயி அப்படித்தான் உழைத்தார், நன்றாகவே சம்பாதித்தார்.

ஆனால் ஞாயிறன்று அவர் கடை திறக்கமாட்டார். வியாபாரம் சூடுபிடிக்கும் நாள் அதுதான். நண்பர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள், அவர் அசையவில்லை. ஞாயிறு ஆண்டவருக்கும் குடும்பத்துக்கும் உரியது என்பதில் அவர் பிடி தளரவே இல்லை.

இவ்வளவு உறுதியானவர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்று பாருங்கள். 1858இல் செலியை மணந்தார். செலி பின்னல் சரிகை செய்வதில் கைதேர்ந்தவர். அலான்சோன் சரிகைக்கு அன்று பெரிய மதிப்பு. மனைவியின் தொழில் வளர்ந்தபோது, 1870இல் லூயி தம் கடையை உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, செலியின் வியாபாரத்துக்குத் துணை நின்றார். ஊர் என்ன பேசும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. கணவன்மார்களே, இதைக் கொஞ்சம் மனத்தில் வையுங்கள்.

பிறந்த பிள்ளைகள் ஒன்பது பேர். மூன்று கைக்குழந்தைகளையும் ஐந்து வயது எலேனையும் அந்தப் பெற்றோர் கல்லறைக்குக் கொடுத்தார்கள். 1877இல் செலியும் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அப்போது கடைக்குட்டி தெரேசாவுக்கு நான்கு வயது. தாயில்லாப் பெண்கள் ஐவரும் மாமன் குடும்பத்தின் அருகில் இருக்கட்டும் என்று, பழகிய ஊரையும் நண்பர்களையும் விட்டு லூயி லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார்.

1887, தூய ஆவியார் பெருவிழா மாலை. தோட்டத்தில் அமர்ந்திருந்த தந்தையிடம் பதினான்கு வயது தெரேசா கண்ணீரோடு வந்து, கார்மேல் மடத்தில் சேர விரும்புவதாகச் சொன்னார். மூத்த பெண்கள் இருவர் ஏற்கெனவே அங்கே சேர்ந்துவிட்டார்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் லூயிக்குப் பக்கவாதம் கண்டிருந்தது. இவளாவது என்னோடு இருக்கட்டும் என்று எந்தத் தகப்பனுக்கும் தோன்றும். லூயி சம்மதித்தார். சுவர் ஓரத்தில் பூத்திருந்த சிறிய வெள்ளைப் பூ ஒன்றைப் பறித்து மகளிடம் நீட்டினார். அது வேரோடு வந்திருந்ததைக் கண்ட தெரேசா, வேறு மண்ணில் நடப்படப்போகும் தம்மையே அதில் பார்த்தார்.

கடைசியில் லூயியின் அறிவும் தடுமாறியது. 1889 முதல் மூன்று ஆண்டுகள் கான் நகர மனநோய் மருத்துவமனையில் இருந்தார். ஒருகாலத்தில் ஊரே மதித்த மனிதர்! தெளிவு வந்த நேரங்களில், தமக்குத் தாழ்ச்சியைக் கற்பிக்கவே இறைவன் இதை அனுமதித்தார் என்று ஏற்றுக்கொண்டார். வீடு திரும்பிய பின், மகள் செலீன் உடனிருந்து பணிவிடை செய்ய, 1894 சூலை 29 அன்று ஆண்டவரிடம் சென்றார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கணவன் மனைவி இருவரையும் சேர்த்தே புனிதராக உயர்த்தினார்.

அன்பர்களே, நம்மில் பலர் பணத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ஞாயிறு திருப்பலியை எளிதாக விட்டுவிடுகிறோம். லூயி ஆண்டவரை விடாமல் பிடித்துக்கொண்டார்; அதனால்தான் கடையையும் ஊரையும் பெற்ற மக்களையும் உரிய நேரத்தில் அவரிடமே ஒப்படைக்க முடிந்தது. பட்டறையில் நிற்பவர்களே, தையல் இயந்திரம் மிதிப்பவர்களே, கொத்து வேலை செய்பவர்களே, உங்கள் கைவேலையே இறைவனுக்கு ஏற்ற காணிக்கையாகலாம். வாரத்தில் ஒரு நாளாவது வேலையை நிறுத்தி, பிள்ளைகளோடு உட்கார்ந்து செபமாலை சொல்லுங்கள். பிள்ளைகள் தேடும் அழைத்தலுக்குக் குறுக்கே நிற்காதீர்கள். நினைவு தப்பிய தாய் தந்தை வீட்டில் இருந்தால், சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள் என்று எரிந்து விழாதீர்கள். அவர்கள் அருகில் பொறுமையோடு உட்காருங்கள். ஒரு புனிதரும் அந்த நிலையில் இருந்தவர்தான்.

நம்மை விட்டுப் பிரிந்த தந்தையர் அனைவரையும், உழைத்துக் காய்த்துப்போன அவர்களுடைய கைகளையும் நினைத்து இத்திருப்பலியைத் தொடர்வோம். புனித லூயி மார்ட்டினே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.