எந்தக் கணக்கில் எழுதுவது?

உங்களிடம் ஒரு கேள்வி. ஒருவருக்கு மூளையில் கட்டி. ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைக்க மாட்டார். நியூரோ சர்ஜன் இருக்கும் ஊர் வெகு தூரம். போய்ச் சேரப் பணமில்லை. பக்கத்தில் இருப்பவரோ முழு டாக்டர்கூட இல்லை, ஓரளவு பயிற்சி பெற்றவர். அவர் கையில் கத்தியைக் கொடுக்கலாமா?

‘ஐயையோ, கூடவே கூடாது’ என்றுதான் சட்டென்று சொல்வோம். நானும் அந்தக் கட்சிதான், டிலன் எல்லேகல பற்றிப் படிக்கும் வரை.

இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மூளை அறுவை நிபுணர் அவர். 2006-ல் தான்சானியாவின் வடக்கே ஹைடோம் என்ற ஊரின் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். அப்போது ஏறக்குறைய 4 கோடிப் பேர் வாழ்ந்த அந்த நாடு முழுமைக்கும் நியூரோ சர்ஜன்கள் மூன்றே பேர். மண்டை ஓட்டைத் திறக்கச் சரியான கருவி இல்லை. மரம் அறுத்துக்கொண்டிருந்த ஒரு விவசாயியிடம் கம்பி ரம்பத்தை வாங்கி, கிருமி நீக்கி, அதைக் கொண்டே திறந்தார்.

அதைவிடப் பெரிய துணிச்சல் ஒன்று செய்தார். மயேகா என்ற உதவி மருத்துவ அலுவலரைப் பக்கத்தில் நிறுத்தி மூளை அறுவையைச் சொல்லிக்கொடுத்தார். மயேகா முழு மருத்துவப் படிப்பு படித்தவரல்ல. ஆனாலும் கற்றுக்கொண்டார், செய்தார், பிறகு இன்னொருவருக்கும் கற்றுக்கொடுத்தார்.

இது சரியா? நான் காமர்ஸ் படித்தவன், அதனால் பேரேடாகத்தான் யோசிக்க வருகிறது. ஆபரேஷன் டேபிளில் ஒருவர் இறந்தால் அதற்குத் தேதி உண்டு, கையெழுத்து உண்டு, சட்டையைப் பிடித்துக் கேட்க ஆள் உண்டு. ஆபரேஷனே நடக்காமல், தலைவலியும் வாந்தியுமாகக் கண் மங்கி, வீட்டு மூலையில் இறந்துபோகிறாரே ஒருவர்... அவரை எந்தக் கணக்கில் எழுதுவது? செய்து கெட்டது பற்றில் ஏறுகிறது. செய்யாமல் கெட்டது ஏட்டிலேயே ஏறுவதில்லை. சும்மா இருப்பவர் கை எப்போதும் சுத்தமாகத் தெரிவது இதனால்தான்.

கொஞ்சம் பொறுங்கள். இந்த நியாயத்தில் ஒரு வழுக்குப்பாறையும் இருக்கிறது. ‘ஏழைக்கு இது போதும்’ என்று சொல்லித்தானே காலங்காலமாக மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறோம்?

இதற்கு உகாண்டாவிலிருந்து ஒரு பதில் உண்டு. மூளைக்குள் ஓடும் நீர், கட்டியாலோ தொற்றாலோ அடைபட்டால் தலைக்குள் அழுத்தம் ஏறும். ‘ஷன்ட்’ என்ற மெல்லிய குழாயை வைத்து அந்த நீரை வயிற்றுக்குத் திருப்புவார்கள். 2005 வாக்கில் வெளிநாட்டு ஷன்ட்டின் விலை சுமார் 650 டாலராக இருந்தது. இந்தியத் தயாரிப்பான சாப்ரா ஷன்ட் அப்போது 35 டாலர்தான். ம்பாலே நகரில் வேலை செய்த பெஞ்சமின் வார்ஃப் என்ற அமெரிக்க சர்ஜன், ‘மலிவானதே போதும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யவில்லை. தலையில் நீர் கோத்த 195 குழந்தைகளுக்கு இரண்டு வகையும் வைத்து, ஓராண்டு பலனை ஒப்பிட்டுப் பார்த்தார். 2005-ல் முடிவு வெளியானது: சொல்லும்படியான வித்தியாசம் இல்லை!

வித்தியாசம் இருந்திருந்தால் அதுவும் வெளியே வந்திருக்கும். ‘போதும்’ என்பதை நினைத்துச் சொல்வது வேறு, அளந்து சொல்வது வேறு, இல்லையா?

ஆக, கத்தியைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றுதான் இன்று சொல்வேன், மூன்று நிபந்தனைகளோடு. ‘நான் யார், எனக்கு எவ்வளவு தெரியும்’ என்பதை நோயாளியின் வீட்டாரிடம் மறைக்கக் கூடாது. பிழைத்தவரோடு இறந்தவரையும் எண்ணி எழுதி வைக்க வேண்டும். நல்ல வசதி வரும் நாளை நோக்கி உழைப்பதை நிறுத்தவே கூடாது.

‘ஏதோ நம்மால முடிஞ்சதைச் செஞ்சோம்’ என்று அடிக்கடி சொல்கிறோம். முடிந்ததைச் செய்வதில் தப்பே இல்லை. அந்த ‘ஏதோ’ எவ்வளவு என்று எண்ணிப் பார்க்காமல் விடுகிறோமே, அங்கேதான் பாவம் சேர்கிறது.