முருகன் சன்னிதிக்கும் பூட்டு உண்டு

வேலும் மயிலும் துணை!

முருக சொந்தங்களே, தைப்பூசத்துக்கு மாலை போட்டாச்சா? கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்.

மூணு வருஷம் முன்னாடி மதுரையிலிருந்து குடும்பத்தோட பழனிக்குப் பாதயாத்திரை போனோம். "இன்னைக்கு ஒட்டன்சத்திரம், நாளைக்கு பழனி"ன்னு தினமும் ஸ்டேட்டஸ் வெச்சது நான்தான். திரும்பி வந்தா பீரோ திறந்து கிடக்கு. அம்மாவோட எட்டு பவுன் போச்சு. பதட்டத்துல எல்லாத்தையும் தொட்டு எடுத்து வெச்சுட்டோம், கைரேகையும் அழிஞ்சுது. அம்மா பூஜை ரூம்ல உட்கார்ந்து, "உன்னைப் பார்க்கத்தானே வந்தோம் முருகா"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல.

அடுத்த வருஷம் திருச்செந்தூர் போனப்போதான் உறைச்சுது. மூலவர் சன்னிதி வாசல்ல யார் காவல் நிக்கிறாங்க? வீரபாகுவும் வீரமகேந்திரரும். சூரபத்மன்கிட்ட தூது போன அதே வீரபாகு! சூரனையே வென்றவருக்கு எதுக்குக் காவல்? ராத்திரி பள்ளியறை பூஜை முடிஞ்சதும் நடையைச் சாத்திப் பூட்டுறாங்களே, அது எதுக்கு? கையில வேல் வெச்சிருக்கிறவரே பூட்டு வேண்டாம்னு சொல்லல. நான்தான் சாவியைச் செருப்பு ஸ்டாண்டுல வெச்சுட்டு, "அவர் பார்த்துப்பார்"னு கிளம்பினேன். அதுக்குப் பேர் பக்தி இல்ல, சோம்பேறித்தனம்.

கந்த சஷ்டி கவசத்துல பொத்தாம்பொதுவா "காப்பாத்து"ன்னா கேட்கிறோம்? ஒவ்வொரு உறுப்பா பேர் சொல்லிக் கேட்கிறோம். வீட்டையும் அப்படிப் பாருங்க. மொட்டைமாடிக் கதவு, சமையலறை ஜன்னல் கொக்கி. நகை பேங்க் லாக்கருக்கு. பாலையும் பேப்பரையும் நிறுத்திடுங்க. அப்புறம் கோலம். இதை யாரும் யோசிக்கிறதே இல்ல. நாலு நாள் வாசல் தெளிக்காம கிடந்தா, வீட்டுல ஆள் இல்லன்னு தெருவுக்கே தெரிஞ்சிடும். பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லி ரெண்டு இழை போடச் சொல்லுங்க. பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்ல தேதி, விலாசம் எழுதிக் கொடுங்க, ரோந்து வர்றவங்க ஒரு பார்வை பார்ப்பாங்க. போட்டோவா? திரும்பி வந்து போடுங்க. பழனி மலை எங்கேயும் போயிடாது.

போன வருஷம் கிளம்பும்போது அம்மா "சரவணபவ" சொல்லிட்டே பூட்டை மூணு தடவை இழுத்துப் பார்த்தாங்க. தெருமுனை வரைக்கும் வந்துட்டு, நாலாவது தடவையா இழுத்துப் பார்க்க நான் திரும்பி ஓடினேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!