முறையியலும் ஆய்வாளர் பொறுப்பும்

பட்டப்பின் படிப்புக்குப் பதிவு செய்யும் மாணவர் தம் ஆய்வுத் திட்டத்தில் ‘ஆய்வு முறை’ என்னும் தலைப்பின் கீழ்ச் சில பந்திகள் எழுத வேண்டியவராகின்றார். பெரும்பாலும் அப்பந்திகள் மேற்பார்வையாளரின் விருப்பத்தையோ துறையில் செல்வாக்குப் பெற்ற கொள்கையையோ தழுவி அமைகின்றன. முறையியலைத் தெரிவு செய்தல் வசதி பற்றிய முடிவு மட்டுந்தானா, அன்றி அறஞ்சார்ந்த பொறுப்பும் அதில் அடங்குமா என்பது சிந்திக்கற்பாலது.

தமிழாய்வு வரலாற்றிலேயே இதற்குத் தக்க சான்றுண்டு. அமெரிக்க அறிஞர் மில்மன் பரி, ஹோமரின் காவியங்களில் மீண்டும் மீண்டும் வரும் அடைமொழிகள் வழிவழி வந்த மரபின் ஆக்கங்கள் என 1928இல் பாரிஸில் சமர்ப்பித்த ஆய்வுகளிற் காட்டினார். அம்மரபு வாய்மொழி மரபே என்னும் கருத்துப் பின்னர் அவரிடம் வலுப்பெற்றது. ஏட்டுச் சான்றுடன் அவர் அமையவில்லை. 1933க்கும் 1935க்கும் இடையில் யூகோஸ்லாவியா சென்று, அங்கு வாழ்ந்த பாடகர்களின் பாடல்களைப் பதிவு செய்து, தம் கருத்தைச் சோதித்தார். அவருடன் பணியாற்றிய அல்பேட் லோட் 1960இல் வெளியிட்ட நூலில் அம்முறையை விரித்துரைத்தார்.

பேராசிரியர் க. கைலாசபதி, பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்ந்தபொழுது, இம்முறையைச் சங்கச் செய்யுள்களுக்குப் பிரயோகித்தார். அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போட்டில் நூலுருப்பெற்றது. திரும்ப வரும் தொடர்கள் வாய்மொழிப் பாடலின் வாய்பாடுகளாக விளங்கின. பாணரும் பொருநரும் பிறநாட்டு வீரயுகப் பாடகரோடு ஒப்பவைத்து நோக்கப்பட்டனர். அதுவரை புலப்படாதிருந்த பல அவ்வொப்பீட்டாற் புலப்பட்டன.

எனினும், யூகோஸ்லாவியப் பாடகரை வினவுதல் இயன்றது. சங்கப் பாடகரை வினவுதல் எவருக்கும் இயலாது. ஹோமரின் நெடுங்காவியங்களுக்கும் சில அடிகளில் முடியும் அகப்பாட்டுக்கும் வடிவ வேறுபாடும் பெரிது. 1975இல் நூல் வெளியிட்ட ஜோர்ஜ் ஹாட், பாணரின் பாடல்மரபைப் பின்பற்றி எழுத்தறிந்த புலவரே இவற்றை இயற்றினர் என வாதிட்டார். ஒரே தொடரை ஒருவர் வாய்மொழியின் சுவடாகவும் மற்றவர் புலவர் போற்றிய மரபாகவும் கொள்ள இடமுண்டாயிற்று.

இம்முரண்பாடு முன்னவர் முயற்சியை வறிதாக்கவில்லை. அவர் தம் முறையை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தமையாலேயே பின்வந்தோர் அதனோடு வாதிட முடிந்தது. முறையியலின் அறம் இங்கேதான் தங்கியுள்ளது. ஒரு முறையைத் தெரிவு செய்பவர், தம் முடிவு எச்சான்றினாற் பிழையெனக் காட்டப்படலாம் என்பதையும் உடன் தெரிவு செய்கின்றார். எச்சான்று கிடைத்தாலும் முன்கொண்ட முடிவையே தரும் முறை, ஆய்வுக்கு உதவுவதன்று. பிறிதொரு வயலின் நாற்றைப் பெயர்த்து நடுபவர் தம் வயலின் மண்ணையும் நோக்குதல் வேண்டும்.

காலவரையறையும் புலமைப்பரிசிலின் நிபந்தனையும் மேற்பார்வையாளரின் அதிகாரமும் மாணவரின் சுதந்திரத்தைக் குறுக்குகின்றனவே எனலாம். அது மெய்யே. விரும்பிய முறையைக் கைக்கொள்ளுதல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆயினும், கைக்கொண்ட முறை எதனைக் காட்டியது, எதனைக் காட்ட வல்லதன்று என்று எழுதுவதற்கு ஒரு பந்தியே போதும். அப்பந்தியை எழுதத் துணியாத ஆய்வேடு பட்டத்தைப் பெற்றுத்தரலாம். அடுத்து வரும் ஆய்வாளருக்கு வழிகாட்டாது.