எந்த மண்ணின் பருவத்தைப் படைப்பது?

தைப்பொங்கலன்று ஒஸ்லோவில் சூரியன் உதிப்பது காலை ஒன்பது மணியளவில். முற்றத்தில் கோலமிட்டுப் பானை வைக்க வழியில்லை. யன்னலுக்கு வெளியே உறைபனி கிடக்க, மின் அடுப்பில் பால் பொங்குகிறது. வடக்கே துரொம்சோவில் அன்று சூரியன் உதிப்பதேயில்லை. நவம்பர் பிற்பகுதியில் மறைந்த சூரியன் அங்கே மீண்டும் தலைகாட்டுவது ஜனவரி 21ஆம் திகதியளவில்தான். அன்று அவ்வூரார் ‘சூல்பொல்லர்’ என்னும் சூரியப் பணிஸ் உண்டு மகிழ்கின்றனர். பொங்கல் என்ற சொல்லையே அறியாதவர்கள், எமது பொங்கலுக்கு ஒரு வாரம் கழித்துச் சூரியனை ஒரு பண்டத்தால் வரவேற்கிறார்கள். எமது நாட்காட்டியை விட அவர்களது பணிஸ் அந்த மண்ணுக்கு நெருக்கமானது. அப்படியானால் பெருநாட் சமையலில் நாம் பின்பற்றவேண்டியது விட்டுவந்த ஊரின் பருவத்தையா, நின்றுகொண்டிருக்கும் ஊரின் பருவத்தையா?

எம் பெருநாட் பண்டங்கள் யாவும் ஒரு காலத்தில் பருவத்துப் பண்டங்களே. காலபோக நெல் வீடு வரும் தையில் புது அரிசிப் பொங்கல். மாமரம் காய்த்து வேம்பு பூக்கும் சித்திரையில் மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூவும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டால் எல்லோர் நாவிலும் நிற்கும் ஆடிப்பிறப்புக்குப் பனங்கட்டிக் கூழும் கொழுக்கட்டையும். எம் பாட்டிமார் இவற்றைத் தத்துவம் பேசித் தேர்ந்தெடுக்கவில்லை. வளவில் இருந்ததை முதலில் சாமிக்கு வைத்துப் பின் உண்டார்கள். இன்று குரொன்லான்ட் கடைகளில் பெப்ரவரியிலும் முருங்கைக்காய் கிடைக்கிறது. வசதிதான், ஆனால் எப்போதும் எல்லாம் கிடைக்கும் கடைக்குப் பருவம் ஏது?

இங்கு விளைவது பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டிக்குச் சரி, சாமிக்கு ஆகாது என்ற எண்ணம் எம்மிடையே உண்டு. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் பிள்ளைகள் அதைப் படித்துக்கொள்கிறார்கள். அவர்கள் பிறந்தது இந்த மண்ணில். இங்கு முளைப்பது எதுவும் இறைவனுக்கு உகந்ததில்லை என்றால், இங்கேயே பிறந்து வளர்ந்த தம்மைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள்? இதைச் சமையலறை விடயம் என்று ஒதுக்கிவிட எம்மால் முடியவில்லை.

திதிச் சமையலில் கோவா, உருளைக்கிழங்கு போன்ற ‘இங்கிலீசுக் காய்கறிகள்’ சேர்க்காத வழக்கத்தைச் சிலர் எடுத்துக்காட்டுவர். முன்னோருக்குரிய அந்நாளின் கட்டுப்பாட்டை நாம் மதிக்கிறோம். அதை எல்லா நாட்களுக்கும் நீட்டினால் மிளகாயையும் கைவிடவேண்டும். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் காலத்தில் எம்மிடம் வந்ததே. மறுபுறம், உள்ளூரில் விளைந்தது மட்டுமே படையலுக்கு உகந்தது என்று வாதிப்பதற்கும் நோர்வே இடந்தராது. நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 வீதம் மட்டுமே விளைநிலமான நாடு இது. நோர்வீஜியரின் நத்தார்க் கஞ்சியே அரிசிக் கஞ்சிதான். அரிசி இங்கு விளைவதில்லை. அக்கஞ்சியில் ஒரு கிண்ணம் தொழுவத்துக் காவற் குட்டியான ‘நிஸ்ஸெ’க்கு வைப்பது அவர்களது பழைய வழக்கம். படையல் என்ற சொல் இல்லையே தவிர, செயல் அதுதான்.

திருக்காளத்தியில் கண்ணப்பர் தம் காடு தந்ததையே படைத்தார். சிவகோசரியார் பதறினார், இறைவன் பதறவில்லை. (மச்சம் படைக்க அனுமதி கேட்கும் கட்டுரையல்ல இது! ஆலய நைவேத்தியம் ஆகமமும் குருக்களும் அறிந்தது. நாம் பேசுவது வீட்டுப் பூசையறையைப் பற்றி.) இந்த நாட்டுக் காடும் கொடையாளிதான். 1957ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்த பொதுவுரிமைப்படி, ஒரு துண்டு நிலமும் இல்லாதவர்கூடக் காட்டுக்குள் நடந்து பழம் பொறுக்கலாம். ஊரில் வளவை இழந்து வந்த எம்மையும் அந்தக் காடு காணி உறுதி கேட்பதில்லை.

வசந்தத்தில் முதலில் தலைநீட்டுவது காஞ்சோன்றியைப் போலச் சுணைக்கும் ‘பிரென்நெஸ்லெ’. கையுறை அணிந்து, தெருவோரம் தவிர்த்து, இளந்தளிராகக் கிள்ளிக் கொதிநீரில் இட்டெடுத்தால் சுணை போய்விடும். பிறகு தேங்காய்ப்பூவுடன் வறை செய்யலாம், மிளகு ரசத்தில் போட்டு உணவைத் தொடங்கலாம். ரபார்பரா சித்திரைப் புத்தாண்டுக்கு வந்து சேராது. வைகாசி விசாகத்துக்குத் தவறாது. தண்டை மட்டும் நறுக்கி, மஞ்சள், உப்பு, சர்க்கரை சேர்த்து, கடுகு மிளகாய் தாளித்தால் மாங்காய்ப் பச்சடியின் தங்கை போலிருக்கும். இலையில் ஒக்சாலிக் அமிலம் அதிகம், அதை உண்ணக்கூடாது. ஆடிக்கூழின் அருகே ஸ்ரோபெரி. பிள்ளையார் சதுர்த்தி மோதகத்தோடு புளூபெரி. நவராத்திரியளவில் காட்டில் சிவக்கும் ‘தித்தெபார்’ ஊறுகாய்க்கு மிக ஏற்றது. அதிலுள்ள பென்சோயிக் அமிலம் பழத்தைக் கெடாமல் காக்கும். மார்கழியில் இருப்பது கரட்டும் ‘கோல்ரூத்’ கிழங்கும். வடநாட்டுத் தோடம்பழம் என்று நோர்வீஜியர் புகழும் அக்கிழங்கின் தோலைத் தடிப்பாகச் சீவி, துண்டுகளாக்கி, பச்சைமிளகாயும் தேங்காய்ப்பாலும் விட்டுப் பால்கறியாக்கி, இறக்கியபின் தேசிப்புளி விட்டுப் பாருங்கள்.

ஆயினும் 1995இல் வலிகாமத்தையும் 2009இல் வன்னியையும் விட்டுவந்த ஒரு தாய்க்குப் பனங்கட்டி வெறும் இனிப்பல்ல. எஞ்சியிருக்கும் ஊர் அது. அவரிடம் போய் இனி ரபார்பரா போதும் அம்மா என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பொங்கற் பானையில் அரிசியும் சர்க்கரையும் பயறும் அப்படியே இருக்கட்டும். தட்டில் ஒரு பொருளாவது இந்த மண்ணின் அப்பருவத்ததாக இருக்கட்டும், அதைப் பிள்ளை தன் கையால் வைக்கட்டும் என்பதே எம் எண்ணம். ஓகஸ்டில் பொறுக்கி உறைபெட்டியில் வைத்த புளூபெரி தைப்பொங்கலுக்கும் உதவும். ஒன்று மட்டும்: உறைந்த பழம் உருகும்போது சாயம் விடும். படையல் விரிப்பையும் அப்பாவின் வெள்ளை வேட்டியையும் சற்றுத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.