எதை விட்டுச் செல்வது?

ஊருக்குப் புறப்படுகிறவன் பெட்டியில் எதை வைப்பது என்று யோசிப்பான். வீட்டையே உடன் அழைத்துக்கொண்டு புறப்படுகிறவனோ எதை விடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மியூனிக் நகரில் என் அக்காள் மகன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் நேரில் கண்டது.

அவன் பழைய வீட்டு வண்டி ஒன்றை வாங்கியிருந்தான். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பிடம் எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. அவனும் அவன் மனைவியும், என் அக்காளும் நானுமாக நாலு பேர் கிரீஸ் வரை போய் வரவேண்டும் என்பது திட்டம். "அம்மாவை ஒரு மாசம் ஊர் ஊராக் கூட்டிப் போகணும் மாமா" என்று சொல்லித்தான் எங்களை வரவழைத்திருந்தான்.

அந்த வண்டியின் மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டக்கூடாது. வெறும் வண்டியே ஏறக்குறைய 3,000 கிலோ. தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் பிடித்தால் அதுவே 100 கிலோ. மீதியில் நாலு உடம்புகளும் அவற்றின் ஆசைகளும் அடங்க வேண்டும். எனவே ஒவ்வொரு பொருளும் தராசில் ஏறி இறங்கியது. என் புத்தகங்கள் போயின. அக்காள் ஊரிலிருந்து சுமந்து வந்த இரும்புத் தோசைக்கல்லும் போயிற்று.

பிறகு வழி. ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, குரோஷியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா, கிரீஸ் என்று வரைபடத்தில் சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தான். ஆஸ்திரியாவிலும் ஸ்லோவேனியாவிலும் நெடுஞ்சாலையில் ஏறுமுன் 'விக்னெட்' வாங்கிவிட வேண்டும். குரோஷியாவில் ஓடிய தூரத்துக்குக் கட்டணம். முகாம்களுக்கு வெளியே வண்டியில் இரவு தங்கினால் அபராதம். அல்பேனியாவுக்கு 'கிரீன் கார்டு' என்னும் காப்பீட்டுச் சான்று தேவை. நினைத்த இடத்தில் நிற்கலாம், நினைத்தபோது புறப்படலாம் என்ற சுதந்திரத்துக்காக வாங்கிய வண்டி. அதற்குத்தான் இத்தனை அனுமதிகள்! சுதந்திரம் என்பது பிறர் கொடுத்த அனுமதிகளை அடுக்கிக் கட்டிய வீடு போலும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. கடைசியாகப் பாஸ்போர்ட்டுகளை மேஜைமேல் வைத்தோம். அவனும் அவன் மனைவியும் ஜெர்மன் குடிமக்கள், அவர்களுக்குத் தடையில்லை. எனக்கு முன்பே போய்வந்த பழக்கம் இருந்ததால் பலமுறை நுழையும் விசா கிடைத்திருந்தது. அக்காளின் விசாவில் நுழைவுகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் '01' என்று இருந்தது.

1985-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லக்ஸம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்ற சிற்றூரின் அருகே, மோசல் நதியில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டுத் தங்களுக்கிடையே எல்லைக் கதவுகளைத் திறக்க உடன்பட்டன. இன்று அந்தக் கூட்டத்தில் 29 நாடுகள் இருக்கின்றன. குரோஷியா 2023-இல் சேர்ந்தது, கிரீஸும் உண்டு. ஆனால் நடுவே கிடக்கும் மாண்டினீக்ரோவும் அல்பேனியாவும் அதில் இல்லை. மியூனிக்கில் இறங்கியபோதே அக்காளின் ஒரு நுழைவு தீர்ந்துவிட்டது. மாண்டினீக்ரோவுக்குள் கால் வைத்தால், பிறகு கிரீஸுக்குள் போகவும் வழியில்லை. மியூனிக்குக்குத் திரும்பவும் வழியில்லை.

மேஜையைச் சுற்றி மௌனம். அந்த மௌனத்தைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. அக்காள்தான் அதைக் கலைத்தாள்.

"இதுக்கென்ன? நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கிறேன். எனக்கும் அத்தனை நேரம் உட்கார முடியாது."

மருமகன் மறுத்தான், ஆனால் உரக்க மறுக்கவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். வருஷக்கணக்காகப் பணம் சேர்த்தவன் அவன். கோட்டோர் வளைகுடாவின் படத்தை மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தவன். ஒருவர் போக முடியாததற்காக மூவர் ஏன் நிற்க வேண்டும் என்பது நியாயமான கேள்வியே. நானும் அன்றிரவு அதே கணக்கைத்தான் போட்டேன்: 'அக்காளே சொல்லிவிட்டாள். அவளுக்கு ஓய்வு, நமக்கு ஊர்.' கணக்குச் சரியாக வந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை.

தருமபுத்திரனின் கதை அப்போது நினைவுக்கு வந்தது. கடைசி யாத்திரையில் மனைவியும் தம்பிமாரும் ஒவ்வொருவராக விழுகிறார்கள். அவன் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். ஆனால் இந்திரன் ரதத்தோடு வந்து, நாய்க்கு அதில் இடமில்லை என்றதும், தான் ஏற மறுக்கிறான். விழுந்தவர்களுக்காக நிற்காதவன் நாய்க்காக நின்றது ஏன்? எனக்குத் தோன்றிய விடை இது: நடக்க முடியாமல் விழுவது விதி, அதை அவன் தடுத்திருக்க முடியாது. கூடவே நடந்து வந்த ஒன்றை, தன் ரதத்துக்காக விடுவது அவன் செயல். அதற்கு அவனே பொறுப்பாளி. இன்னொன்றையும் கவனியுங்கள். 'நான் இங்கேயே இருக்கிறேன், நீ போ' என்று நாய் சொல்லும்வரை அவன் காத்திருக்கவில்லை.

எங்கள் பிழை அங்கேதான் இருந்தது. நுழைவுகளின் எண்ணிக்கையை எழுதியது யாரோ ஓர் அதிகாரி. அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. ஆனால் விட்டுக்கொடுக்கும் சொல்லை அவள் வாயிலிருந்து வரவழைத்தது எங்கள் மௌனம். அக்காள் ஆயுள் முழுவதும் விட்டுக்கொடுத்தே பழகியவள். பழக்கத்தால் நீட்டும் கையிலிருந்து எடுத்துக்கொள்வதைச் சம்மதம் பெற்றதாகச் சொல்லிக்கொள்ளலாமா? வலுவில்லாதவருக்காக வலுவுள்ளவர் எப்போதும் நின்றுவிட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அப்படியானால் உலகில் யாரும் எங்கும் போக முடியாது. தன்னால் எல்லாம் கெட்டது என்ற பாரமும் அவர்மேல் ஏறும். நான் சொல்வது இவ்வளவே: 'நீங்கள் இல்லாமல் எப்படி?' என்ற வார்த்தை, கதவு திறந்திருப்பவன் வாயிலிருந்து முதலில் வர வேண்டும். கதவு மூடியவர் வாயிலிருந்து 'போய் வாருங்கள்' என்ற வார்த்தை வந்தபிறகு, நாம் எது சொன்னாலும் அது உபசாரமாகிவிடுகிறது.

காலையில் இதை மருமகனிடம் சொன்னேன். அவன் வெகுநேரம் வரைபடத்தையே பார்த்திருந்தான். பிறகு, "அம்மாவை எங்கே விடறதுன்னுதானே மாமா நேத்திக்கு யோசிச்சோம்? அம்மாவோட எப்படிப் போறதுன்னு யோசிக்கவே இல்லையே" என்றான்.

கேள்வி மாறியதும் வரைபடமும் மாறியது. ஆஸ்திரியா வழியாக இத்தாலிக்கு இறங்கினால் அங்கோனா துறைமுகம். அங்கிருந்து வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு அட்ரியாடிக் கடலைத் தாண்டிக் கிரீஸின் இகுமெனிட்சாவுக்குப் போகும் கப்பல் உண்டு. நடுவில் வேறு நாட்டு மண்ணை மிதிக்க வேண்டாம். ஒரே நுழைவு போதும்.

செலவில்லாமல் கிடைத்த தீர்வு அல்ல. கப்பல் கட்டணத்துக்காகப் பயணத்தில் சில நாட்கள் குறைந்தன. கோட்டோர் வளைகுடா போயிற்று. அல்பேனிய மலைகளும் போயின. அந்தப் படத்தை மருமகன் இன்னும் சுவரிலிருந்து எடுக்கவில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கும் கொஞ்சம் ஏக்கந்தான். இழப்பே இல்லாத நன்மை வேண்டுமென்று கேட்பவன் நன்மையைக் கேட்கவில்லை, லாபத்தைக் கேட்கிறான்.

புறப்படுகிற அன்று தராசு மறுபடி வெளியே வந்தது. மருமகன் தன் மடக்கு நாற்காலிகளில் ஒன்றை இறக்கி வைத்தான். யாரும் கேட்காமலே தோசைக்கல்லை எடுத்து உள்ளே வைத்தான். "எதுக்குடா இந்தக் கனம்?" என்றாள் அக்காள்.

"இருக்கட்டும்மா" என்றான் அவன்.